துப்பல் கந்தோர்

டென்மார்க்கில் வறுத்த கோப்பியை யாரும் வாங்கலாம். குழந்தை வாங்கலாம், குடிகாரன் வாங்கலாம், அகதியும் வாங்கலாம். கல் மாதிரி இறுகிய பைக்கற்றுகளாகக் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். வறுக்காத கோப்பி அப்படியில்லை. அதற்கென்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் மேசையும் கோப்புகளுமாக ஒரு கந்தோர் இருந்தது. அதன் முழுப்பெயர் தென்னமெரிக்கப் பச்சைக் கோப்பி மூலாதார நிலையம். 1985ஆம் ஆண்டு மாரியில் பாலேந்திரா அதன் கதவைத் தட்டியபோது, அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல அவனுக்கு வராது. பிறகு வந்தது.

பாலேந்திராவுக்குக் கோப்பியில் பெரிய அக்கறை கிடையாது. யாழ்ப்பாணத்தில் பொருளியல் படித்தவன். டோஸ்ட்ருப் என்ற புறநகரில் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் குசினியும் கிடைத்திருந்தன. காலையில் டேனிஷ் வகுப்புக்குப் போவான். பின்னேரம் கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரிக்குப் போவான். ஆஸ்பத்திரியில் அவனுடைய மனைவி தவமலர் இருந்தாள். கலியாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அவளுக்கு இரத்தத்தில் வருத்தம்.

ஒருநாள் டொக்டர் அவனை வெளியே கூப்பிட்டார். இனித் தவமலர் விரும்பியதைச் சாப்பிடலாம், விரும்பியதைக் குடிக்கலாம், ஒரு தடையும் இல்லை என்றார். பாலேந்திரா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னான். அது நல்ல செய்தி என்றுதான் நினைத்தான். டொக்டர் அவனுடைய கையை உடனே விடவில்லை.

"என்ன வேணும், சொல்லும்," என்று உள்ளே போய்த் தவமலரிடம் கேட்டான்.

தாதி வைத்துவிட்டுப் போன கோப்பியை அவள் ஒருமுறை பார்த்தாள்.

"முதல்லை இதைக் கொண்டுபோய் ஊத்துங்கோ. எனக்குப் பச்சைக் கோப்பிக்கொட்டை வேணும்."

"பச்சையாய்ச் சப்பப் போறீரோ?"

"விசரே உங்களுக்கு? வறுக்க. சனி ஞாயிறு வீட்டை விடுறாங்கள்தானே. நான் கதிரையிலை இருந்து சொல்லச் சொல்ல நீங்கள் வறுங்கோ. கொஞ்சம் மல்லியும் போடோணும். கறுக்கிறதுக்கு முந்தி ஒரு புகை வரும். அந்த மணம்தான் எனக்கு வேணும். குடிக்கிறதை நீங்கள் குடியுங்கோ."

"மணத்துக்காக மட்டுமோ?"

"ஓம். இந்த இடம் ஒரு மணமும் இல்லாமல் கிடக்கு. மூக்கு எதுக்கு இருக்கெண்டே மறந்துபோச்சு."

கொட்டை எங்கே இருக்கிறதென்று நிக்கலஸுக்குத் தெரியும். நிக்கலஸ் மன்னார்க்காரன். கீழ் மாடியில் இருந்தான். துறைமுகத்தில் அந்த நிலையத்தின் பண்டகசாலையைக் கூட்டுவது அவன் வேலை.

"மலை மாதிரிக் கிடக்கு மச்சான்," என்றான். "கிழிஞ்ச மூட்டையளிலை இருந்து நிலமெல்லாம் கொட்டுண்டு கிடக்கும். நான்தானே கூட்டிறனான். நாளைக்குச் சப்பாத்துக்கை போட்டுக்கொண்டு வாறன்."

"வேண்டாம். அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. களவெண்டு பிடிச்சால் உன்னையும் சேத்து ஊருக்கு ஏத்திவிட்டிடுவாங்கள்."

"குப்பையடா அது."

"குப்பையெண்டாலும் அவங்கடை குப்பை."

தவமலரும் அதைத்தான் சொன்னாள். "கேட்டு வாங்குங்கோ. கேட்டால் குடுக்கிற சனம்தானே இது."

அவள் சொன்னது சரி. டென்மார்க்கில் கேட்டால் கொடுப்பார்கள். முதலில் கை கொடுப்பார்கள். பிறகு குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு வேறொரு நாளைக்கு நேரம் கொடுப்பார்கள்.

நிலையத்தில் மூன்று பேர் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். தலைவர் லின்டகோர். பிரதம சுவைஞர் பவுல். செயலாளர் இங்கலிஸ. மூவரும் தங்கள் பெயர்களைத் தாங்களே சொன்னார்கள். இங்கலிஸ பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். கோப்பி நிலையத்தில் தேநீரா என்று பாலேந்திரா பார்த்த பார்வையைத் தலைவர் கவனித்தார்.

"இங்கே யாரும் கோப்பி குடிப்பதில்லை," என்றார் ஆங்கிலத்தில். "குடிக்கத் தொடங்கினால் ஒன்றைப் பிடித்துப்போகும். பிடித்துப்போனால் நாக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சரி, உங்களுக்கு எந்த மூலத்தின் கொட்டை வேண்டும்?"

"எதென்றாலும் பரவாயில்லை," என்றான் பாலேந்திரா. "ஒரு பிடி போதும்."

இங்கலிஸ பேனையைக் கீழே வைத்தாள். பவுல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எதென்றாலும் என்று ஒரு நாடு கிடையாது," என்றார் லின்டகோர் மெதுவாக. "கொலம்பியாவில் வீலா என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பழத்தின் சதையை நீக்கி, புளிக்கவைத்துக் கழுவிக் காயவைக்கிறார்கள். கொட்டை கடலைப்போல நீலப்பச்சையாக வரும். பிரேசிலின் மினாஸில் பழத்தை அப்படியே முற்றத்தில் பரப்பிக் காயவிடுகிறார்கள். அது மஞ்சள் படர்ந்து வரும். பெருவின் மலைச்சரிவில் விளைந்தது வேறு, பொலிவியாவின் பள்ளத்தாக்கில் விளைந்தது வேறு. எல்லாம் அராபிக்காதான். ஆனால் ஒரு கொட்டை தான் பிறந்த மலையை மறப்பதில்லை. அந்த மலையைத் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுப்பது கொட்டைக்குச் செய்யும் அநியாயம்."

பாலேந்திரா டென்மார்க்குக்கு வந்து இறங்கியபோது பொலிஸ்காரர் அவனிடம் ஊர் பெயரைக் கேட்டார். எழுத்துக்கூட்டச் சொன்னார். அவ்வளவுதான். அவனுடைய மலையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை.

"நீங்கள் அந்த இடங்களுக்கெல்லாம் போயிருக்கிறீர்களா?" என்று மரியாதைக்குக் கேட்டான்.

"யாரும் போனதில்லை," என்றார் லின்டகோர் பெருமையாக. "போவது எங்கள் விதிக்கு முரண். போனால் மலையைப் பிடித்துவிடும், மனிதர்களைப் பிடித்துவிடும். பிறகு எப்படி நடுநிலையாகப் பேசுவது? தென்னமெரிக்காவை நாங்கள் இந்த அறையிலிருந்தே அறிந்துகொள்கிறோம். அங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தூரம் வாய்ப்பதில்லை."

கொட்டை வேண்டுமென்றால் முதலில் மூலம் தெரியவேண்டும். மூலம் தெரியவேண்டுமென்றால் வகுப்புக்கு வரவேண்டும். வகுப்பு வியாழக்கிழமைகளில். தேநீர் இலவசம்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் பாலேந்திரா நடந்ததைச் சொன்னான். 'எதென்றாலும் என்று ஒரு நாடு கிடையாது' என்ற இடத்தில் தவமலர் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். இருமினால் முகம் சுருங்கும், பிறகு திரும்பவும் சிரிப்பு வரும். அது முடியும்வரை அவன் கதையை நிறுத்தி வைத்திருக்கவேண்டும். நிறுத்தி வைத்திருந்தான்.

"பிறகு?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பிறகென்ன, பள்ளிக்கூடம் போறன்."

"போங்கோ. போய் ஒண்டும் விடாமல் வந்து சொல்லுங்கோ."

வகுப்பில் பாலேந்திரா ஒருவன்தான் மாணவன். மூவரும் சேர்ந்து படிப்பித்தார்கள். அறையை இருட்டாக்கி, சுவரில் படங்களை விழுத்தினார்கள். மலைகள், மேகம், வாழைமர நிழலில் வளரும் கோப்பிச்செடி, சிவப்புப் பழங்கள், பழம் ஏற்றிய கோவேறு கழுதை. கழுதையின் படம் தலைகீழாக வந்தது. பவுல் அதைத் திருப்பவில்லை. சரிவின் கோணம் இப்படித்தான் நன்றாகத் தெரிகிறது என்றார்.

பிறகு வீலா மலையில் ஒரு செடி. செடிக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண். இடுப்பில் கூடை கட்டியிருந்தாள். அவளுடைய நெற்றியோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. கண்கள் தப்பியிருந்தன. நெடுநேரம் நின்றவளின் கண்கள்.

"இது யார்?" என்று பாலேந்திரா கேட்டான்.

"எது?" என்றார் லின்டகோர்.

"இந்தப் பெண்."

லின்டகோர் சுவருக்குக் கிட்டப்போய்ப் பார்த்தார். ஒரு பெண் அங்கே நிற்பதை அவர் முன்பு கவனித்ததாகத் தெரியவில்லை.

"இது ஆள் இல்லை," என்றார். "அளவு. செடியின் உயரம் தெரியவேண்டும் அல்லவா? அதற்காக ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துவார்கள்."

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது தவமலர் சிரிக்கவில்லை. 

"அந்தப் பெட்டை நிக்கிற மலையிலை இருந்தே வாங்குங்கோ," என்றாள். "இனிமேல் எதெண்டாலும் எண்டு சொல்லாதேங்கோ. வீலா எண்டு சொல்லுங்கோ."

அந்தச் சனிக்கிழமை அவளை வீட்டுக்கு விட்டார்கள். குசினியில் கதிரை போட்டு இருந்தாள். கொட்டை இல்லை. வெறும் தாச்சியை அடுப்பில் வைத்து எப்படிக் கிளறவேண்டும் என்று காட்டினாள். "இப்பிடி, அடியோடை. நிப்பாட்டக்கூடாது. யோசிச்சுக்கொண்டு நிண்டால் கருகிப்போகும்," என்றாள். பாலேந்திரா வெறும் தாச்சியைக் கிளறினான். இருவரும் சிரித்தார்கள். அவன் நிறுத்தி, காத்திருந்து, திரும்பவும் கிளறினான்.

அடுத்த வியாழக்கிழமை வகுப்பு முடிந்தபின் சுவைத்தல். இதற்கு வட்டமாகச் சுழலும் மேசை ஒன்று இருந்தது. மேசையைச் சுற்றிக் கிண்ணங்கள். கிண்ணங்களுக்கு முன்னால் கறுப்புத் தட்டுகளில் வறுக்காத கொட்டைகள். பாலேந்திரா அவற்றை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். காய்ந்த வைக்கோலின் மணம்தான் இருந்தது. இதற்குள் ஒரு புகை ஒளிந்திருக்கிறது என்று அவனால் நம்ப முடியவில்லை.

பவுல் வெள்ளிக் கரண்டியால் முதல் கிண்ணத்தில் கொஞ்சம் அள்ளினார். தண்ணீர்க்குழாய் வற்றும்போது வரும் சத்தத்தோடு அதை உறிஞ்சினார். கண்ணை மூடினார். கன்னத்தை இரண்டு பக்கமும் அசைத்தார். பிறகு காலுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைப் பாத்திரத்தில் துப்பினார். மினுக்கி வைத்த பெரிய பாத்திரம். வாய் அகன்றது. லின்டகோர் தன்னுடைய கரண்டியை அதே கிண்ணத்தில் விட்டார், உறிஞ்சினார், துப்பினார். இங்கலிஸ அதே கிண்ணத்தில் விட்டாள். மேசை சுழன்றது. வாயில் போன கரண்டிகள் அடுத்த கிண்ணத்துக்குப் போயின.

"உங்கள் முறை," என்று பாலேந்திராவிடம் ஒரு கரண்டியை நீட்டினார்கள்.

மூன்று பேரின் எச்சில் பட்ட கிண்ணத்தை அவன் பார்த்தான். தவமலரை நினைத்துக்கொண்டு அள்ளினான். உறிஞ்சத் தெரியாமல் விழுங்கிவிட்டான்.

அறை அதிர்ந்துபோனது. இங்கலிஸ வாயைப் பொத்தினாள்.

"விழுங்கக்கூடாது!" என்றார் லின்டகோர். "விழுங்குவது கடையில் வாங்குபவர்கள் செய்கிற வேலை. நாங்கள் எதையும் உள்ளே எடுப்பதில்லை. உள்ளே எடுத்தால் அது நம்முடையதாகிவிடும். அறிவு என்பது சரியான நேரத்தில் துப்புவது."

தவமலர் அன்று சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்தாள். பவுல் உறிஞ்சுவதை அவன் திரும்பத் திரும்பச் செய்துகாட்டவேண்டி வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த டேனிஷ்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளும் சிரித்தாள்.

"துப்பல் கந்தோர்," என்றாள் தவமலர் மூச்சு வாங்கிக்கொண்டு. "இண்டையிலை இருந்து அதுக்கு அதுதான் பேர்."

அதற்குப்பிறகு அவன் வாசலில் தலையைக் காட்டும்போதே கேட்பாள்: "துப்பல் கந்தோரிலை இண்டைக்கு என்ன புதினம்?" பாலேந்திரா ரெயிலில் வரும்போதே கதையை அடுக்கிக்கொண்டு வருவான். எதை முன்னுக்குச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசிப்பான். புதினம் இல்லாத நாட்களில் உண்டாக்கிச் சொன்னான். உண்டாக்கியவை பெரும்பாலும் பிறகு உண்மையாக நடந்தன.

விண்ணப்பம் எழுதியாயிற்று. மூலம்: வீலா. அளவு: ஒரு பிடி. நோக்கம்: மனைவி மணப்பதற்கு. மூவரும் கூடித் தீர்மானிக்கவேண்டியதுதான் மிச்சம். பாலேந்திரா முடிவு கேட்கப் போனபோது கதவில் ஓர் அறிவித்தல் தொங்கியது. பிரதம மூக்கு அடைத்திருப்பதால் நிலையம் மூடப்பட்டுள்ளது.

பவுலுக்குத் தடிமன்.

தவமலர் இதற்கும் சிரித்தாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

"பாவம் மனுசன்," என்றாள். "மிளகு ரசம் வைச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமை அவளை வீட்டுக்கு விடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமைக்குத் தேவை வரவில்லை. பவுலுக்குத் தடிமன் மாறவில்லை.

மனைவியை எரிக்கப் பாலேந்திராவுக்கு அடுத்த நாளே அனுமதி கிடைத்தது. ஒருவரும் மலையைப் பற்றிக் கேட்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். அவனும் நிக்கலஸும் தெரிந்ததைச் சமைத்தார்கள். கோப்பிக்குக் கடைப் பைக்கற்றை உடைத்து ஊற்றி அவளுடைய படத்துக்கு முன்னால் வைத்தான். அவள் ஆஸ்பத்திரியில் ஊற்றச் சொன்ன அதே கோப்பி.

இனி இருந்தது அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள். அன்றோடு ஆத்மா வீட்டைவிட்டுப் போய்விடும் என்பார்கள். பாலேந்திரா படிக்கிற காலத்தில் இதையெல்லாம் நம்பியவன் இல்லை. இப்போது நம்பினானா என்பதும் சொல்லத் தெரியாது. ஆனால் துப்பல் கந்தோருக்குத் திரும்பவும் போனான்.

செய்தியைக் கேட்டு மூவரும் எழுந்து நின்றார்கள். ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அந்த மௌனத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்ப்பதா விடுவதா என்று பிறகு கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். சேர்ப்பதென்று முடிவாயிற்று.

"எங்கள் ஆழ்ந்த அனுதாபம்," என்றார் லின்டகோர். "ஆனால் ஒரு சிக்கல். உங்கள் விண்ணப்பத்தை முந்தாநாள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். நோக்கம், மனைவி மணப்பதற்கு. மணப்பவர் இல்லாத நிலையில் மணத்தை எப்படி வழங்குவது?"

"இப்போதும் அவளுக்குத்தான் கேட்கிறேன்," என்றான் பாலேந்திரா. அந்தியேட்டி என்றால் என்ன என்று சொன்னான். அன்றைக்கு வைக்காவிட்டால் பிறகு வைத்துப் பயனில்லை என்றும் சொன்னான். குரல் தட்டையாக வந்தது. டேனிஷ் வகுப்பில் ரெயில் நேரம் சொல்லப் பழகிய குரல்.

இங்கலிஸ எழுதினாள். "நுகர்வோர், காலமானவர். முகவரி?"

டோஸ்ட்ருப் முகவரியைச் சொன்னான்.

"அப்படியானால் சரி," என்றார் பவுல். அவருடைய மூக்கு இன்னும் சிவந்திருந்தது. "நாங்கள் இங்கே வறுத்து, சுவைத்து, மதிப்பெண் போட்டுத் தருகிறோம்."

"இல்லை. படைப்பதில் முதல் யாரும் வாய் வைக்கக்கூடாது. சமைக்கிறவனே உப்புப் பார்ப்பதில்லை. எச்சிலாகிவிடும்."

"யாரும் சுவைக்காமலா? அப்படியென்றால் முதலில் சுவைப்பது யார்?"

"அவள்."

பவுல் நிமிர்ந்து இருந்தார். "அவருக்கு என்ன பயிற்சி?"

 இங்கலிஸ தேநீர் ஊற்றினாள். டென்மார்க்கில் எந்தத் தகராறும் ஒரு பிளாஸ்கைத் தாண்டுவதில்லை. பிளாஸ்க் முடியும்போது எல்லோருக்கும் சரிவரக்கூடிய தீர்மானம் பிறந்திருந்தது. இறந்தவர் முதலில். நிலையம் இரண்டாவது. அதே கோப்பி, அதே இடம். நிலையம் டோஸ்ட்ருப்புக்கு வரும்.

வந்தது. அந்தியேட்டியன்று காலை பாலேந்திராவும் நிக்கலஸும் சாம்பலோடு கடலுக்குப் போய்விட்டு வந்து, ஈரச் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் மூவரும் கறுப்பு உடுப்பில் நின்றார்கள். லின்டகோரின் கையில் முத்திரை வைத்த ஒரு சிறிய துணிப்பை. பவுலின் கையில் வெல்வெட் பெட்டியில் கரண்டிகளும் கோப்பி அரைக்கும் கைமெசினும். இங்கலிஸ பித்தளைப் பாத்திரத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்திருந்தாள். நிக்கலஸுக்கும் கை கொடுத்துத் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். நிக்கலஸ் அவர்களுடைய நிலத்தைத்தான் நாளாந்தம் கூட்டுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவனும் பண்டகசாலையைத் தாண்டிச் சுவைக்கிற அறைக்குள் போனதில்லை.

"உங்கடை முறை எனக்குத் தெரியாது மச்சான்," என்று நிக்கலஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தான். "பிழையெண்டால் சொல்லு. நான் பூவுகளைப் பாக்கிறன்."

பாலேந்திரா குசினிக்குள் போனான். முத்திரையை உடைத்து, கொட்டையைத் தாச்சியில் கொட்டினான். நீலப்பச்சை. அந்தப் பெண் நின்ற மலை. பிறகு மல்லியைப் போட்டான்.

"மூலத்தோடு வேறொன்றைக் கலப்பதா!" என்றார் வாசலில் நின்ற லின்டகோர்.

பாலேந்திரா கிளறினான், அடியோடு, நிப்பாட்டாமல். கொட்டை மஞ்சளாகியது, மண்ணிறமாகியது, வெடித்தது. கறுக்கிறதுக்கு முந்தி ஒரு புகை வரும் என்று சொல்லியிருந்தாள். எது முந்தி என்று எப்படித் தெரியும்? அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கறுத்தது. கறுத்த பிறகுதான் முந்தி எது என்று தெரிந்தது.

புகை குசினியை நிறைத்து அறைக்குள் போனது. அவளுடைய சேலைகள் இருந்த பெட்டிப் பக்கம் போனது. ஒருவரும் யன்னலைத் திறக்கவில்லை. பாலேந்திரா அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சிப் பிடியைப் பிடித்தபடி நின்றான். பவுல் தன் சிவந்த மூக்கை மெல்ல உயர்த்தினார். 

அரைத்து, வடித்து, அவளுடைய கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தான். கதவைச் சாத்தினான். படைத்தபின் இறந்தவர்களைத் தனியே விடவேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் வந்து எடுக்க மாட்டார்கள்.

ஐந்து பேரும் படிக்கட்டில் நின்றார்கள். மூவரும் கையில் கரண்டியோடு நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் எடுப்பார்?" என்று லின்டகோர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆறுதலாகத்தான் குடிப்பாள்."

"நல்ல பழக்கம்," என்றார் பவுல்.

படிக்கட்டு குளிர்ந்தது. சும்மா நிற்க முடியாமல் பாலேந்திரா ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

"பண்டகசாலையில் நிலத்தில் கொட்டுப்படுகிற கொட்டைகளை என்ன செய்வீர்கள்?"

"எரிப்போம்," என்றார் லின்டகோர். "நிலத்தைத் தொட்டால் எந்த மூட்டையிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. மூலம் இல்லாததற்கு எங்களிடம் இடம் இல்லை. யாராவது அள்ளிக்கொண்டு போனால் எங்களுக்கு உதவிதான்."

நிக்கலஸுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். அவன் பாலேந்திராவைப் பார்த்தான். பிறகு வாசலில் கிடந்த தன் சப்பாத்தைப் பார்த்தான்.

உள்ளே போனார்கள். மிச்சக் கோப்பியை மூவருக்கும் ஊற்றிக் கொடுத்தான். மூவரும் உறிஞ்சினார்கள். இவ்வளவு சிறிய அறையில் அந்தச் சத்தம் மிகப் பெரிதாகக் கேட்டது. கண்ணை மூடினார்கள். கன்னங்களை அசைத்தார்கள். கண்ணைத் திறந்து பித்தளைப் பாத்திரத்தைத் தேடினார்கள்.

அது தவமலரின் படத்துக்கு முன்னால் இருந்தது. பாலேந்திரா வறுத்துக்கொண்டிருந்தபோது நிக்கலஸ் அதில் கழுத்தளவு தண்ணீர் ஊற்றி வெள்ளைப் பூக்களை வைத்திருந்தான். பக்கத்தில் மெழுகுதிரி எரிந்தது. மரியாதைக்காக வெள்ளைக்காரர் கும்பம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவன் விளங்கிக்கொண்டிருந்தான். நல்ல சனம் என்று மனதுக்குள் சொல்லியும் இருந்தான்.

மூன்று வாய்களும் நிறைந்திருந்தன. லின்டகோர் கையால் பாத்திரத்தைக் காட்டினார். பேச முடியாது. இங்கலிஸ குசினித் தொட்டியைப் பார்த்தாள். லின்டகோர் கடுமையாகத் தலையை ஆட்டினார். நிலையத்தின் பாத்திரம் தவிர வேறெதிலும் துப்புவது விதியில் இல்லை. பவுல் படத்தை நோக்கி இரண்டடி வைத்து, பூக்களுக்கு மேலே குனிந்தார். நிக்கலஸ் குறுக்கே பாய்ந்தான்.

"என்ன செய்யப் போறாய்? செத்த பிள்ளையின்ரை படத்துக்கு முன்னாலை என்ன செய்யப் போறாய்?"

தமிழ் அவருக்கு விளங்கியது.

முதலில் இங்கலிஸ விழுங்கினாள். அடுத்து லின்டகோர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. பவுல்தான் கடைசி. அவருடைய தொண்டைக் குழி ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது," என்றார் பயந்துபோய். "எங்கே போகிறது?"



"கருகல், மல்லி, மூலம் தெரியவில்லை," என்று லின்டகோர் இங்கலிஸவுக்குச் சொன்னார். "மதிப்பெண் பூச்சியம். விழுங்கியதை எழுதவேண்டாம்." பிறகு படத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "இவர் முதலில் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்?" என்று கேட்டார். கேட்டபின் அதையும் எழுதவேண்டாம் என்றார்.

வறுக்காத மிச்சம் நிலையத்தின் சொத்து என்பதால் பையைக் கட்டி எடுத்தார்கள். பாத்திரத்தைப் பூ வாடியபின் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பவுல் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கும் சத்தம் கேட்டது.

பாலேந்திரா கதவைச் சாத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தான். நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம் கிட்டியிருந்தது. கோட்டைப் போட்டான். கழுத்துத் துணியைச் சுற்றினான். ஈரச் சப்பாத்துக்குள் காலை விட்டான். முதலில் 'எங்கே போகிறது' என்ற பவுலின் கேள்வியைச் சொல்லக்கூடாது, கும்பத்திலிருந்து தொடங்கவேண்டும், கேள்வியைக் கடைசிக்கு வைக்கவேண்டும் என்று அடுக்கத் தொடங்கியிருந்தான். இதைவிட நல்ல புதினம் துப்பல் கந்தோரில் இதுவரை நடந்ததில்லை.

"எங்கை மச்சான்?" என்றான் நிக்கலஸ்.

"ஆஸ்பத்திரிக்கு. இதை அவளுக்கு…"

கை கதவுப் பிடியில் இருந்தது. நெடுநேரம் அங்கேயே இருந்தது.

நிக்கலஸ் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

"எனக்குச் சொல்லு," என்றான்.

"நீ பக்கத்திலைதானே நிண்டனீ."

"ஓம், நிண்டனான். எண்டாலும் சொல்லு."

பாலேந்திரா கோட்டோடேயே இருந்து சொல்லத் தொடங்கினான். வாசலில் கறுப்பு உடுப்போடு வந்து நின்றதைச் சொன்னான். பித்தளைப் பாத்திரத்தைக் குழந்தை மாதிரித் தூக்கிவந்ததைச் சொன்னான். படிக்கட்டில் கரண்டியோடு காவல் நின்றதைச் சொன்னான். கும்பத்தைத் தேடினார்கள் என்றான், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள் என்றான், இந்தா விழுங்கினார்கள் என்றான்.

அந்த இடத்தில் நிறுத்தினான்.

நிக்கலஸ் காத்திருந்தான். வீட்டுக்குள் புகை மணம் இன்னும் இருந்தது. கதை இன்னும் முடியவில்லை, பவுலின் கேள்வி மிச்சம் இருந்தது. பாலேந்திரா வாயைத் திறக்கவில்லை. அவள் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து முடியும்வரை அவன் அடுத்ததைச் சொல்வதில்லை.